சாமத்திய வீட்டுக்கு முன்னமே கதைத்துவிடுங்கள்

இலங்கையில் எங்கள் பக்கத்தில் பிள்ளை பெரியபிள்ளையானால் பந்தல் போடுகிறோம், வீடியோவுக்கு ஆள் பிடிக்கிறோம், ஆனால் உனக்கு என்ன நடந்தது என்று அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து சொல்ல ஒருத்தருக்கும் வாய் வருவதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை, இரத்தம் பட்ட வெள்ளைச் சட்டையைக் கிணற்றடி வாழைக்குள் ஒளித்துவைத்துவிட்டு, ஏதோ பெரிய வருத்தம் வந்துவிட்டது என்று இரண்டு நாள் அழுதது.

எட்டு, ஒன்பது வயதிலேயே தொடங்குங்கள். பாடம் நடத்த வேண்டாம். தேங்காய் திருவும்போது, மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு குளக்கட்டால் போகும்போது கதையுங்கள், முகம் பார்க்கத் தேவையில்லை என்றால் பிள்ளையும் கேள்வி கேட்கும். முதல் ஓரிரு வருடம் மாதவிடாய் முன்பின்னாக வரலாம் என்று சொல்லுங்கள். பொடியனுக்கும் இதெல்லாம் தெரியட்டும். நித்திரையில் விந்து வெளியேறுவது நோயில்லை என்று யாரும் சொல்லாததால்தான் லேகியக்காரனுக்குக் காசு போகிறது.

தரம் 6இல் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் போடும் எச்பிவி ஊசி கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்க. மறிக்காதீர்கள்.

வளர வளரக் கதையும் வளர வேண்டும். விருப்பமில்லை என்றால் காதலனுக்கும் 'வேண்டாம்' சொல்லலாம், பொடியன் அதைக் கேட்டு நிறுத்தத்தான் வேண்டும். அந்தரங்கப் படம் அனுப்பச் சொன்னால் அனுப்பத் தேவையில்லை. அனுப்பிவிட்டு மிரட்டல் வந்தால் "முதலில் என்னிடம் வா, அடிக்கமாட்டேன்" என்று இப்போதே வாய்விட்டுச் சொல்லிவையுங்கள், சொன்னபடி நடவுங்கள். 16 வயதுக்குக் குறைந்த பெண்பிள்ளை உடலுறவுக்குச் சம்மதித்தாலும் சட்டம் அதை வன்புணர்வு என்றுதான் பார்க்கும். கல்யாணத்துக்குப் பொதுச் சட்டப்படி 18 வயது. யுத்த நேரத்தில் பிள்ளையைக் காப்பாற்றவென்று அவசரமாகக் கட்டிவைத்தோம், சரி, இப்போது ஊர்வாய்க்குப் பயந்து அதையே செய்வது பிள்ளையின் படிப்பையும் உடம்பையும்தான் தின்னும்.

ஆணுறை பற்றியும் சொல்லத்தான் வேண்டும். கருத்தரிப்பையும் பாலியல் தொற்றையும் சேர்த்துத் தடுப்பது அதுதான். அவசரக் கருத்தடை மாத்திரையை உறவுக்குப் பிறகு 72 மணித்தியாலத்துக்குள் எடுக்க வேண்டும், எவ்வளவு முந்தியோ அவ்வளவு நல்லது, ஆனால் அது தொற்றைத் தடுக்காது, தங்கிய கருவைக் கலைக்கவும் மாட்டாது. சொல்லிக் கொடுத்தால் பிள்ளை கெட்டுவிடும் என்று பயப்படுகிறீர்களா? பல நாடுகளில் செய்த ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை.

உங்களுக்கு வாய் வரவில்லையென்றால் உங்கள் பகுதி மிட்வைஃப் மிஸ்ஸிடம் பிள்ளையைக் கூட்டிப்போய் விட்டுவிட்டு நீங்கள் வெளியில் இருங்கள். யாராவது துன்புறுத்தினால் சிறுவர் உதவி இலக்கமான 1929க்கு அழைக்கலாம், காசு போகாது. அந்த இலக்கத்தைப் பிள்ளையின் கொப்பிக்குப் பின்னால் எழுதிவிடுங்கள்.