ஊலாங் தலைக்கேறினால்: அடர்த்தியாகக் குடிப்பவர்கள் செய்யும் தவறுகள்

ஊலாங் என்பது பச்சைத் தேயிலைக்கும் கருந்தேயிலைக்கும் இடைப்பட்ட வகைத் தேயிலை. அதன் நாலாவது கப்பில் பிடரி இளஞ்சூடாகிறது. காது மடல் சிவக்கிறது. பேச்சு தானாக வருகிறது, சின்ன விஷயத்துக்கும் சிரிப்பு வருகிறது. ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் சரிவின் ஒவ்வொரு வரிசையும் தனித்தனியாகத் தெரிவதுபோல் இருக்கிறது. ஆறாவது கப்பைக் கையில் எடுக்கும்போது தேநீரின் மேற்பரப்பில் மெல்லிய அலை ஓடுகிறது. உற்றுப் பார்த்தால் விரல் நடுங்குகிறது. அடுத்த கால் மணி நேரத்தில் உள்ளங்கை குளிர்ந்து வியர்க்கிறது, நெஞ்சு படபடக்கிறது, வயிற்றைப் புரட்டுகிறது.

தேயிலையில் யாரோ எதையோ கலந்துவிட்டார்கள் என்று பயப்பட வேண்டாம். சீனாவில் இதற்கு ‘தேநீர் போதை’ என்று பொருள்படும் சொல்லே புழக்கத்தில் இருக்கிறது. சாராய போதைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தேயிலையில் உள்ள காஃபின், களைப்பை மூளைக்கு உணர்த்தும் அடினோசின் என்ற பொருளின் இடத்தை அடைத்துக்கொள்கிறது. அதனால் களைப்பு தெரியாமல் போகிறது, இதயம் விரைகிறது. கூடவே தியானின் என்ற அமினோ அமிலம் மனதைத் தளர்த்துகிறது. ஒன்று முடுக்குகிறது, மற்றது தணிக்கிறது. இரண்டும் சேர்ந்த அந்த மிதப்பு காப்பியில் கிடைக்காது, ஏனென்றால் காப்பியில் தியானின் இல்லை. அளவு மீறினால் தணிப்பு தோற்று முடுக்கு மட்டும் மிஞ்சும். ஆக, கணக்கிட வேண்டியது இலையின் எடையை. கப்பின் எண்ணிக்கையை வைத்துக் கணக்குப் போடுவதில்தான் முதல் தவறே தொடங்குகிறது.

“சின்னக் கப்தானே?”

மூடி வைத்த 100 மில்லி கிண்ணத்தில் ஊலாங்கைப் போட்டு, சில நொடிகளே ஊறவிட்டு, விரல் நீளம்கூட இல்லாத கப்பில் ஊற்றிக் குடிப்பது சீன முறை. ஒரே இலையில் ஆறேழு முறை வெந்நீர் ஊற்றலாம். கப் சின்னதாக இருப்பதால் குறைவாகக் குடிப்பதாகவே தோன்றும். கணக்கு வேறு. காய்ந்த தேயிலையில் காஃபின் தோராயமாக 2 முதல் 4 சதவீதம். நடுவாக 3 சதவீதம் என்று வைத்தால், கிண்ணத்தில் போட்ட 8 கிராம் இலையில் 240 மில்லிகிராம். முதல் மூன்று நான்கு ஊற்றிலேயே அதில் பெரும்பகுதி இறங்கிவிடும். 2 கிராம் தூள் போட்ட டீக்கடை கிளாஸில் இருப்பது இதில் நாலில் ஒரு பங்குதான். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-ல் சொன்ன பாதுகாப்பான அளவின்படி, ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரே நேரத்தில் 200 மில்லிகிராம், நாள் முழுக்க 400. கர்ப்பிணிகளுக்கு நாளுக்கே 200.

தூள் டீயில் இந்த ஆபத்து குறைவு. அளவு கூடினால் கசப்பும் துவர்ப்பும் நாக்கைப் பிடித்து நிறுத்திவிடும். நல்ல ஊலாங்கில் அந்தத் தடை இல்லை. டிசம்பர், ஜனவரியில் நீலகிரியில் பனி விழும்போது கொழுந்து மெதுவாக வளரும். அந்தக் கொழுந்தில் செய்த ஊலாங்கில் பூ வாசம் தூக்கலாக இருக்கும், துவர்ப்பு அடங்கியிருக்கும். குறைந்த நேரம் ஊறும்போது காஃபின் சட்டென்று இறங்குகிறது, துவர்ப்புப் பொருள்கள் நிதானமாகத்தான் இறங்குகின்றன. நாக்கு எச்சரிக்காது. வாசத்தை நம்பி ‘லைட் டீ’ என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஸ்பூனால் அளப்பதும் இதே வகைத் தவறு. நீளவாக்கில் முறுக்கிய இலை பஞ்சுபோல் இருக்கும். மிளகு மாதிரி உருட்டிய இலை கனமானது. ஒரே ஸ்பூனில் உருட்டிய இலை இரண்டு மடங்கு எடை வரலாம். உலர்ந்தபோது கிண்ணத்தின் அடியை மட்டும் மறைத்த உருண்டைகள், மூன்றாவது ஊற்றில் மூடியையே தூக்கும் அளவுக்கு விரிவதைப் பார்த்தால் எவ்வளவு போட்டிருக்கிறோம் என்பது புரியும். 0.1 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கி வையுங்கள்.

“மலையில் டீ இறங்காது, இன்னும் கொஞ்சம் போடு”

மலைவாசிகளே அதிகம் செய்யும் தவறு இது. பாதி உண்மை என்பதால்தான் இது ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி வீதம் தண்ணீரின் கொதிநிலை குறைகிறது. குன்னூரிலும் கோத்தகிரியிலும் சுமார் 94 டிகிரியில் கொதிக்கும். 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் 92, 93. குளிர்காலக் காலையில் ஜில்லென்ற பீங்கானில் ஊற்றினால் சில டிகிரி அப்போதே போய்விடும். உருட்டி வறுத்த ஊலாங் அந்தச் சூட்டில் சரியாக விரியாது. முதல் கப் வெளுத்திருக்கிறது என்று இன்னொரு கை இலை போடுகிறார்கள். இலை விரிந்ததும் இரண்டு பங்கும் சேர்ந்து இறங்குகிறது.

இலையைக் கூட்டாமல் சூட்டையும் நேரத்தையும் கூட்டுங்கள். கிண்ணத்தையும் மூடியையும் கொதிநீரால் இரண்டு முறை கழுவிச் சூடேற்றுங்கள். தளதளவென்று கொதிக்கும்போதே ஊற்றி உடனே மூடுங்கள். ஒருவருக்கு 100 மில்லிக்கு 3 கிராம் போதும். முறுக்கு இலைக்கு முதல் ஊற்று 30 நொடி, உருட்டிய இலைக்கு 45 நொடி. அதன்பின் ஒவ்வொரு ஊற்றுக்கும் பத்துப் பதினைந்து நொடி கூட்டிக்கொண்டே போகலாம். ஐந்து ஊற்றோடு நிறுத்துங்கள். இரண்டு பேர் என்றால் 5 கிராம், பகிர்ந்து குடிக்க வேண்டும். வீட்டு டீபாட்டில் போடுவதானால் 200 மில்லிக்கு 2 முதல் 3 கிராம், மூன்று நிமிடம். ஊறியதும் வடித்துவிடுங்கள். இலையோடு ஃபிளாஸ்கில் அடைத்துப் பகல் முழுக்கக் குடிப்பவர்கள், இலையில் உள்ள காஃபினை அநேகமாக முழுசாகவே குடிக்கிறார்கள்.

தூள் டீ பழக்கத்தில் ஊலாங்கைப் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவிட்டு டிகாஷன் எடுப்பவர்களும் உண்டு. வாசம் வீணாகிவிடும், உள்ளது எல்லாம் ஒரே கிளாஸில் வந்துவிடும். பால் ஊற்றினால் துவர்ப்பு தெரியாது, ஆனால் காஃபின் குறையாது. முதல் தண்ணீரைப் பத்து நொடியில் கொட்டிவிட்டால் காஃபின் போய்விடும் என்பதும் தவறான நம்பிக்கை. போவது கொஞ்சம்தான். அது இலையை நனைத்து எழுப்பும் வேலை, அவ்வளவே.

வெறும் வயிறு

மேட்டுப்பாளையத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி வரும் என்று பயந்து காலையில் ஒன்றும் சாப்பிடாமல் ஏறி வருகிறவர்கள், நேராகத் தேநீர் சுவைக்கும் அறைக்குப் போய் ஐந்து வகையையும் முழுசாகக் குடிக்கிறார்கள். வளைவில் சுற்றிய தலை, காலி வயிறு, அதன்மேல் துவர்ப்பும் காஃபினும். குமட்டலுக்கு இதைவிட என்ன வேண்டும்? உணவு இருந்தால் காஃபின் ரத்தத்தில் கலப்பது மெதுவாகும், துவர்ப்பும் இரைப்பையை நேரடியாக உறுத்தாது. இரண்டு இட்லியோ ஒரு வர்க்கியோ சாப்பிட்ட பிறகு குடியுங்கள்.

தொழில்முறைச் சுவைஞர் ஒரே காலையில் டஜன் கணக்கில் கப் பார்க்கிறாரே என்று கேட்கலாம். ஐஎஸ்ஓ 3103 என்ற சர்வதேசத் தரச் சுவைமுறையில் 100 மில்லிக்கு 2 கிராம், ஆறு நிமிடம். நன்றாக அடர்ந்த தேநீர்தான். ஆனால் அவர் கரண்டியால் சர்ரென்று உறிஞ்சி, வாயில் சுழற்றி, துப்பிவிடுகிறார். துப்புவது அநாகரிகம் என்று கூச்சப்பட வேண்டாம். துப்பும் பாத்திரத்தைக் கேட்டு வாங்குங்கள்.

மருந்தும் மாலை நேரமும்

காஃபின் ரத்தத்தில் உச்சம் தொட அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். இதை மறந்து, “இன்னும் ஒன்றும் ஏறவில்லையே” என்று அடுத்தடுத்து ஊற்றிக்கொள்வதுதான் பலரைக் கவிழ்க்கிறது. மூன்று கப்புக்குப் பிறகு இருபது நிமிடம் இடைவெளி விடுங்கள். உச்சம் தொட்டது பாதியாகக் குறைய பெரும்பாலோருக்கு ஐந்து மணி நேரம் எடுக்கும். மாலை 5 மணிக்கு உள்ளே போன 200 மில்லிகிராமில் இரவு 10 மணிக்கும் 100 மிச்சமிருக்கும். கர்ப்பிணிகளுக்கும் கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இந்த நேரம் இன்னும் நீளும். சிப்ரோஃபிளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் காஃபின் வெளியேறுவதைத் தாமதப்படுத்தும். ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின், காஃபினுக்குப் பங்காளி. இரண்டும் சேர்ந்தால் படபடப்பு கூடும். இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களும், திடீர் பீதி வந்து அவதிப்படுபவர்களும் அடர்ந்த ஊலாங்கைத் தொடாமல் இருப்பதே நல்லது. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடும் பெண்கள் சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் முன்பின் ஒரு மணி நேரம் தேநீரைத் தள்ளி வையுங்கள், ஏனென்றால் துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்துக்கொள்ளும்.

ஏறிவிட்டால்

மீதி இலையை வீணாக்க வேண்டாமே என்று குடித்து முடிக்காதீர்கள். காப்பியோ மதுவோ கொண்டு முறிக்கவும் முயல வேண்டாம். உட்காருங்கள். வாழைப்பழம், பிஸ்கட், சோறு, எது கையில் இருக்கிறதோ அதைச் சாப்பிட்டு, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். நடுக்கமும் குமட்டலும் பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில் தணியும். அதுவரை வண்டி எடுக்கக் கூடாது. தெம்பாக இருப்பதுபோல் தோன்றும்போது கவனம் சிதறியிருக்கும், குன்னூர் இறக்கத்தில் அது போதும்.

நெஞ்சு வலி, மயக்கம், தாறுமாறான துடிப்பு, நிற்காத வாந்தி, வலிப்பு இவற்றில் ஒன்று வந்தாலும் 108-ஐ அழையுங்கள். மருத்துவரிடம் “ஆறு கப் டீ” என்று சொன்னால் அவர் டீக்கடை டீ என்றே நினைப்பார். எத்தனை கிராம் இலை, எத்தனை மணிக்குக் குடித்தது, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று சொல்லுங்கள். தேயிலைப் பாக்கெட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.