புறக்கோட்டையில ஒரு காலையில உலக வியாபாரத்தோட கதைய படிக்கிறது எப்படி

உலக வியாபார வரலாறுன்னா பிள்ளைகளுக்கு பாடப்புத்தகத்துல இருக்கிற பட்டுப்பாதை மெப்புதான் ஞாபகம் வருது. கொழும்புல இருக்கிற நமக்கு அந்த மெப் தேவையே இல்ல, ஒரு கொப்பி, ஒரு பென்சில், ஒரு காலைப்பொழுது இருந்தா போதும். என் ரெண்டு பிள்ளைகளையும் கூட்டிட்டு போய் பழகின முறைய அப்படியே சொல்றேன்.

முதல் வேலை வீட்டுலதான். கொழும்போட பழைய கடைத்தெருவான புறக்கோட்டைக்கு போறதுக்கு முதல் நாள் ராத்திரி கொப்பியில மூணு வரிசை கீறுங்க, சாமான், பேர், எங்க இருந்து வந்ததுன்னு. பிறகு வீட்டுக்குள்ள ஒரு சுத்து சுத்துங்க. கதிரை, மேசை, அலுமாரி, துவாய், சப்பாத்து, காலைல சாப்பிடுற பாண், எல்லாமே போர்த்துக்கீசர் வாயில இருந்து வந்த சொல்லு. கந்தோர், அதாவது ஆபீஸ், ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) சொல்லு. சீனின்ற பேருலயே சீனா இருக்கு, சம்பலும் தொதலும் மலாய்க்காரரோட வந்தது, மாசிக்கருவாடு மாலைதீவுக்காரர் கொண்டுவந்தது. மிளகாய மட்டும் கடைசியா எழுதுங்க, அதுக்கு கொஞ்சம் நேரம் வேணும். 1500க்கு முதல் நம்ம ஊர் கறியில மிளகாயே கிடையாது, காரம்னா மிளகுதான். அமெரிக்கக் கண்டத்துல விளைஞ்ச இந்த காய போர்த்துக்கீசர் கப்பல்ல கொண்டுவந்தப்போ நம்ம ஆக்கள் அத மிளகு மாதிரி உறைக்கிற காய்னு மிளகாய்னு கூப்பிட்டாங்க, இன்னும் கொஞ்சம் பேர் கொச்சிக்காய்ங்கிறாங்க, அதுல கொச்சித் துறைமுகத்தோட பேரு ஒட்டிக்கிட்டு இருக்கு. ஒரு காய்க்குள்ள இவ்வளவு தூரம் இருக்குன்னு பிள்ளைகளுக்கு புரிஞ்சிட்டா மிச்சத்த அவங்களே தேடுவாங்க.

அடுத்த நாள் காலைல எட்டு மணிக்கு முதல் புறக்கோட்டைக்கு போயிடுங்க. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் நிறைய கடை மூடியிருக்கும், அந்த நாள் வேணாம். மூடின சப்பாத்து போடுங்க, மூட்டை சுமக்கிற நாட்டாமைமார் வண்டி தள்ளிட்டு சத்தம் போட்டா உடனே ஒதுங்குங்க, அவங்க பாரத்தோட வண்டிய நிப்பாட்டுறது கஷ்டம்.

நேரா அஞ்சாம் குறுக்குத்தெரு. வெங்காயம், செத்தல் மிளகாய், பருப்புன்னு மூட்டை மூட்டையா இருக்கும், மூட்டையில எந்த நாட்டுப்பேர் அடிச்சிருக்குன்னு பார்த்து கொப்பியில எழுதச் சொல்லுங்க. பிறகு ஒரு சரக்குக்கடையில நின்னு "நாநா, கறுவா கொஞ்சம் பாக்கலாமா"ன்னு கேளுங்க. நாங்க கேட்ட கடையில அவரு ஒரு குச்சிய எடுத்து கைல குடுத்து "ஒடிச்சு பாருங்க மகன்"னு சொன்னாரு. நம்ம கறுவா கடதாசி மாதிரி மெல்லிசா, சுருளுக்குள்ள சுருளா இருக்கும், லேசா ஒடியும். சீனாப் பக்கத்து பட்டை தடிப்பா ஒரே சுருளா இருக்கும். இந்த மெல்லிசுக்காகத்தான் கோட்டையே கட்டினாங்க. 1505ல போர்த்துக்கீசர் வந்தாங்க, 1656ல ஒல்லாந்தர் கொழும்ப பிடிச்சாங்க, 1796ல வெள்ளைக்காரன், மூணு பேருக்கும் கண்ணு கறுவாவுலதான். ஒல்லாந்தர் காலத்துல அவங்க வியாபாரக் கொம்பனிக்கு தெரியாம கறுவா வித்தா மரண தண்டனை. வியாபாரம் மனுசர சேர்த்து வைக்கும்னு மட்டும் பிள்ளைகளுக்கு சொல்லி விட்டுடாதீங்க, இதையும் சேர்த்து சொல்லுங்க, அப்பதான் கதை முழுசாகும்.

ரெண்டாம் குறுக்குத்தெருவுல சிவப்பு பள்ளிவாசலுக்கு முன்னால நிழல் பார்த்து நில்லுங்க. கட்டிடம் 1909ல முடிஞ்சது, ஆனா இங்க சொல்ல வேண்டியது காத்தப் பத்தி. தென்மேல் பருவக்காத்து அரபுக்கரையில இருந்து கப்பல இந்தப்பக்கம் தள்ளும், அதுல வந்த அரபு வியாபாரிங்க திரும்பிப்போக வடகீழ் காத்து வரும்வரைக்கும் மாசக்கணக்கா காத்திருக்கணும், அந்த காத்திருப்புலதான் வீடு எடுத்தாங்க, கல்யாணம் கட்டினாங்க, பள்ளிவாசல் கட்டினாங்க, நம்ம மொழிய பேசத் தொடங்கினாங்க. 1344ல மொரோக்கோ பயணி இப்னு பதூதா கொழும்புக்கு வந்தப்பவே இது பெரிய பட்டணம்னு எழுதி வச்சிருக்காரு, போர்த்துக்கீசர் வாறதுக்கு நூத்தி அறுபது வருசத்துக்கு முதல்.

செட்டியார் தெருவுல நகைக்கடையெல்லாம் பார்த்துட்டு கதிரேசன் கோயில்ல ஒரு கும்பிடு போட்டுட்டு ஓட்டோ பிடிங்க, கொழும்பு ஏழு மியூசியத்துக்கு. அந்த ஏரியாவுக்கு நம்ம பேர் கறுவாத்தோட்டம், ஏன் அந்த பேருன்னு இப்ப பிள்ளைகளே சொல்லும்.

மியூசியத்துல எல்லாத்தையும் பாக்க நினைக்காதீங்க, களைச்சிடும். காலி மும்மொழிக் கல்வெட்டுக்கு போங்க. சீனத்துல இருந்து கப்பல் படையோட வந்த செங் ஹ, 1409ம் ஆண்டு தேதி போட்டு கொண்டுவந்த கல்லு. 1911ல காலியில கண்டெடுத்தாங்க, ஒரு வடிகாலுக்கு மூடியா கிடந்துச்சாம். மூணு மொழி, சீனம், தமிழ், பாரசீகம். சீனத்துல புத்தருக்கு காணிக்கை, தமிழ்ல தெற்குக்கரை தேவந்துறைக் கோயில் சாமி தென்னாவர நாயனாருக்கு, பாரசீகத்துல இஸ்லாத்துக்கு. பொன் 1000, வெள்ளி 5000, பட்டு, வாசனை எண்ணெய்னு யாருக்கும் பெருசா கூடக்குறைய இல்லாம குடுத்திருக்காங்க. தூரதேசத்து அரசன் நம்ம மொழியில எழுதினாத்தான் இந்தக் கடல்ல காரியம் நடக்கும்னு தெரிஞ்சு வச்சிருந்தான், அத நினைச்சா எனக்கு இப்பவும் புல்லரிக்கும். ஆனா அதே செங் ஹ கொஞ்ச நாள்ல இங்க சண்டை பிடிச்சு, அப்ப இங்க ஆட்சியில இருந்த அழகேஸ்வரன கைது பண்ணி சீனாவுக்கு கொண்டுபோனாரு, அந்த தேவந்துறைக் கோயில 1588ல போர்த்துக்கீசர் இடிச்சாங்க. கல்லுக்கு முன்னால நின்னு இது மூணையும் ஒண்ணா சொல்லுங்க, அவசரப்படாம.

வீட்டுக்கு வந்து கொப்பிய மூடாதீங்க, கடைசி வரியில உங்க குடும்பத்து பேர எழுதுங்க. வீட்டுல பெரியவங்க இருந்தா எங்க இருந்து, எந்த துறையில இறங்கி, என்ன வேலைக்கு வந்தாங்கன்னு கேளுங்க, சும்மா கேக்காம போன்ல ரெக்கோட் பண்ணுங்க. எங்க அப்பம்மா தனுஷ்கோடியில கப்பல் ஏறி தலைமன்னார்ல இறங்கின கதைய அன்னைக்குத்தான் முதல் தடவையா முழுசா சொன்னாங்க, கைல அப்ப இருந்தது ஒரு தகரப்பெட்டியும் ஊர்ல இருந்து முடிஞ்சு கொண்டுவந்த கொஞ்சம் புளியும்னாங்க. சின்னவன் உடனே கொப்பிய எடுத்து சாமான்ற வரிசையில புளின்னு எழுதினான்.