கர்லிங் கிளப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்களா? முதலில் காலணியைக் கழற்றுங்கள்

எங்கள் கிளப்பில் புதிதாகச் சேர்பவர்களுக்கு இந்த சீசனில் நான்தான் வகுப்பு எடுக்கிறேன். போன வாரம் ஒருவர் தெருவில் நடந்து வந்த பூட்ஸோடு நேராக ஐஸில் இறங்கிவிட்டார். மறுகோடியிலிருந்து கத்திவிட்டேன். மனிதர் திகைத்துப் போய் அங்கேயே நின்றார். அவருக்கு என்ன தெரியும்? முதல் வருடம் எனக்கும் தெரியாது.

வழுக்கி விழுவது, கல்லை வேகமாக விட்டுவிடுவது, இதைப் பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை. நாலு வாரம் ஆடினால் தானாகச் சரியாகிவிடும். யாராவது சொன்னால்தான் தெரியவரும் தவறுகள் சில இருக்கின்றன. அவை மட்டும் இங்கே.

ஆட்டமே தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். சுமார் 45 மீட்டர் நீளமுள்ள ஐஸ் பாதையின் ஒரு முனையிலிருந்து கிரானைட் கல்லைச் சறுக்கிவிட்டு, மறுமுனையில் வரைந்திருக்கும் வட்டத்தின் நடுவுக்கு அருகில் நிறுத்த வேண்டும். அணிக்கு 4 பேர், ஆளுக்கு 2 கல். கல் ஓடும்போதே இருவர் அதற்கு முன்னால் ஐஸைத் தேய்த்துக்கொண்டு போவார்கள். வியூகம் வகுத்து வழிசொல்பவர் ஸ்கிப்.

வெளியில் போட்ட காலணியோடு ஐஸில் இறங்குவது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஸ்கேட்டிங் ஐஸ் கண்ணாடி போல இருக்கும். கர்லிங் ஐஸ் அப்படி இல்லை. குனிந்து பார்த்தால் வேர்க்குரு படர்ந்த முதுகு மாதிரி பொடிப்பொடியாகப் புடைத்திருக்கும். இதற்கு பெப்பிள் என்று பெயர். ஐஸ் போடுபவர் வெதுவெதுப்பான தண்ணீர் நிரம்பிய தொட்டியை முதுகில் மாட்டிக்கொண்டு, பின்பக்கமாக நடந்தபடி, தெளிப்பானை இடமும் வலமும் ஒரே சீராக ஆட்டிக்கொண்டே போவார். துளிகள் விழுந்த இடத்திலேயே உறைந்துவிடும். அப்புறம் அகலமான பிளேடால் அவற்றின் நுனியை மட்டும் லேசாகச் சீவிவிடுவார். கை ஒரே சீராக ஆடாவிட்டால் பாதை முழுவதும் மேடுபள்ளமாகிவிடும்.

கல்லின் எடை 17 முதல் 20 கிலோ வரை. அதன் அடிப்பக்கம் முழுவதும் ஐஸில் படாது. நடுவில் குழிவாக இருப்பதால் வளையம் போன்ற ஒரு மெல்லிய விளிம்பு மட்டுமே படும். அந்த விளிம்பு பெப்பிள் நுனிகள் மேல் ஓடுவதால்தான் அவ்வளவு கனமான கல் அவ்வளவு தூரம் போகிறது. அதன் வழியில் ஒரு மணல் துகள் கிடந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

நான் பார்த்திருக்கிறேன். என் முதல் சீசன், கடைசிச் சுற்று, இரண்டு அணியும் சமம். எங்கள் ஸ்கிப்பின் கடைசிக் கல் மட்டும் பாக்கி. அருமையாக விட்டார். நான் பக்கத்திலேயே தேய்த்துக்கொண்டு போகிறேன். பாதி வழியில் கல் ஒரு நொடி திடுக்கிட்டது போல் உதறியது. அப்புறம் சடாரென்று வழிமாறி, வட்டத்தைத் தொடாமலே நின்றுவிட்டது. தோற்றோம்.

ஸ்கிப் ஒன்றும் சொல்லவில்லை. எதிரணியோடு கைகுலுக்கினார். எல்லாரும் போன பிறகு என்னைக் கூப்பிட்டு, கல் உதறிய இடத்தில் குந்தி உட்கார்ந்து, விரல் நுனியில் எதையோ ஒற்றி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கடுகில் பாதிகூட இருக்காது, ஒரு மணல். "உங்கள் ஷூவைத் திருப்பிக் காட்டுங்கள்" என்றார். அடியில் இருந்த பள்ளங்களில் பனியில் வழுக்காமல் இருக்கச் சாலையில் தூவிய மணலும் உப்பும் அப்பியிருந்தன.

"இன்றைக்கு இந்த ஐஸ் போட்டது யார் தெரியுமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. எங்களோடு மோதிய அணியில் இருந்த பெரியவர்தான். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். விடிவதற்கு முன்பே வந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறார், ஒரு பைசா வாங்காமல். தோற்றதை நான் எப்போதோ மறந்துவிட்டேன். அந்தப் பெரியவர் பக்கம் அன்றைக்கு என்னால் திரும்பிப் பார்க்க முடியவில்லை, அதை மறக்கவில்லை.

ஒரு ஆட்டத்தோடு போகிற சேதமும் இல்லை இது. கல்லின் விளிம்பில் மணல் கீறினால் அந்தக் கல் அப்புறம் மற்ற கற்களைப் போல ஓடாது. நல்ல கர்லிங் கல்லுக்கான கிரானைட் பெரும்பாலும், ஸ்காட்லாந்துக் கரைக்கு அப்பால் கடலில் இருக்கும் எய்ல்சா கிரெய்க் என்ற குட்டித் தீவிலிருந்து வருகிறது. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் ஒரு கல் பல பத்தாண்டுகள் உழைக்கும். கிளப்பில் அதை வைத்துத்தான் அடுத்து வருபவர்களும் ஆட வேண்டும்.

ஐஸுக்கென்று தனியாக ஒரு ஜோடி ஷூ வைத்துக்கொள்ளுங்கள். பையில் எடுத்து வந்து, உள்ளே வந்த பிறகு மாட்டுங்கள். வழுக்காமல் இருக்க ஷூவுக்கு அடியில் மாட்டும் ரப்பர் கிரிப்பர் பழசானால் பொடிப்பொடியாக உதிரும். அதையும் அடிக்கடி பாருங்கள். ஐஸைத் தேய்க்கும் துடைப்பமான ப்ரூமின் துணியில் ஒட்டிய முடி, நூல் எல்லாம் ஐஸில்தான் விழும்.

ஐஸில் கையையோ முழங்காலையோ ஊன்றுவது

உடல்சூட்டில் பெப்பிள் உருகிவிடும். விழுந்தால் உடனே எழுந்திருங்கள்.

கல்லைத் தொட்டுவிட்டுச் சும்மா இருப்பது

தேய்க்கும்போது ப்ரூமோ காலோ ஓடுகிற கல்லில் பட்டுவிடும். யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், கிளப் ஆட்டத்தில் நடுவரும் கிடையாது. நீங்களேதான் சொல்ல வேண்டும், அதுவும் உடனே. நேர்மையில்லாமல் ஜெயிப்பதைவிடத் தோற்பது மேல் என்பது இந்த ஆட்டத்தின் விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது. ஒருமுறை மறைத்தால் அந்த சீசன் முழுவதும் உங்கள் கல்லை எல்லாரும் உற்றுப் பார்ப்பார்கள்.

ஆட்டம் முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவது

பல கிளப்களில் ஜெயித்த அணி தோற்ற அணிக்கு முதல் சுற்று பானம் வாங்கித் தரும். இரண்டு அணியும் ஒரே மேஜையில் உட்காரும். இதை வெறும் சம்பிரதாயம் என்று நினைத்து முதல் வருடம் பாதி நாள் நான் ஓடிவிடுவேன். அந்த மேஜையில்தான் கிளப்பே நடக்கிறது என்று பிறகுதான் புரிந்தது. உறுப்பினர் ஒருவரின் மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தபோது, எந்த நாள் யார் சாப்பாடு கொண்டுபோவது என்று பழைய ஆட்ட அட்டவணையின் பின்பக்கத்தில் பேனாவால் கட்டம் போட்டார்கள். 10 நிமிடத்தில் மூன்று வாரமும் நிரம்பிவிட்டது. அதில் பெயர் எழுதிய பாதிப் பேர் அன்று சாயங்காலம் அவரிடம் தோற்றவர்கள்.

கர்லிங் ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான் இருந்திருக்கிறது. ஸ்காட்லாந்தில் குளம் உறைந்தால் ஊரே கூடி ஆடிய ஆட்டம். பொதுவான விதிகள் வேண்டும் என்று 1838இல் எடின்பரோவில் கிளப்கள் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்தன. 1998இல் நாகானோவில் தொடங்கி ஒவ்வொரு குளிர்கால ஒலிம்பிக்கிலும் பதக்கம் உண்டு. ஆனால் அங்கே ஆடுபவர்களும் ஏதோ ஒரு கிளப்பின் ஐஸில் முதல் கல்லை விட்டவர்கள்தான்.

முட்டி மடங்காது என்று விலகிவிடுவது

வழக்கமாக முட்டியை மடக்கிக் குந்தித்தான் கல்லை விடுவார்கள். முடியாதவர்கள் நீளக் கழியால் நின்றபடியே தள்ளலாம், பல கிளப்களில் அதற்கு அனுமதி உண்டு. சக்கர நாற்காலி கர்லிங் 2006இலிருந்தே பாராலிம்பிக்கில் இருக்கிறது.

வேலைப் பட்டியலைப் பார்க்காதது போல் கடந்துபோவது

எந்தக் கிளப்பிலும் ஐஸ் போட ஆள் பற்றாது. பெயரை எழுதுங்கள். ஒரே ஒரு விடிகாலை அந்தத் தொட்டியை முதுகில் மாட்டிப் பின்பக்கமாக நடந்து பாருங்கள். அப்புறம் யாராவது பூட்ஸோடு ஐஸில் இறங்கினால், எனக்கு முன்னால் நீங்கள் கத்துவீர்கள்.