புது வண்டிக்கு ஆயில் எப்போது மாற்றுவது?

புது வண்டி வீட்டுக்கு வந்ததும் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். 'ஆயிரத்துக்கு ஒருமுறை மாத்திடு, இன்ஜின் வெண்ணெய் மாதிரி ஓடும்' என்பார் ஒருவர். 'ஆறாயிரம் வரைக்கும் திறந்தே பார்க்காதே' என்பார் இன்னொருவர். இரண்டிலும் பாதிதான் உண்மை. முதல் ஆயிலைத் தள்ளிப்போடக் கூடாது. அடுத்தடுத்த ஆயில்களுக்கு அவசரமே இல்லை, வண்டியோடு தரும் கையேட்டுப் புத்தகம் சொல்கிறபடி மாற்றினால் போதும். ஆனால் இடையில் அளவு பார்க்காமல் விடுவதுதான் இன்ஜினைக் கொல்கிறது. பழைய ஆயிலால் கெட்ட இன்ஜின்களைவிட, ஆயில் குறைந்து கெட்டவைதான் ஒர்க் ஷாப்புக்கு அதிகம் வரும்.

நம் ஊரில் அதிகம் ஓடுவது 100–125 சிசி பைக் என்பதால் அதை வைத்தே பார்ப்போம். ஸ்கூட்டருக்கும் காருக்கும் எங்கே மாறுகிறதோ அங்கே சொல்கிறோம்.

முதல் ஆயில் ஏன் சீக்கிரம்

புது சிலிண்டரின் உள்சுவர் வழவழப்பாக இருக்காது. ஆயில் தங்குவதற்காகக் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் போட்டிருப்பார்கள். பிஸ்டன் ரிங் முதல் சில நூறு கிலோமீட்டரில் அந்தக் கோடுகளின் கூர்முனைகளைத் தேய்த்துத் தனக்கு இடம்பண்ணிக்கொள்கிறது. கியர் பற்களும் அதே நேரத்தில் ஒன்றோடொன்று தேய்ந்து பழகுகின்றன. தேய்ந்த உலோகத்தூள் எல்லாம் ஆயிலில்தான் சேரும்.

பைக்கில் இன்ஜின், கியர் பாக்ஸ், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில். அளவும் ஒரு லிட்டருக்குள்தான். பெரும்பாலான 100 சிசி வண்டிகளில் பேப்பர் ஃபில்டர் கிடையாது. ஒரு கம்பிவலை இருக்கும், சுழற்சியில் தூளை ஓரத்துக்குத் தள்ளும் ஒரு கிண்ணம் இருக்கும். வலையில் பெரிய துணுக்குகள்தான் மாட்டும். கிண்ணம் கனமானதைப் பிடிக்கும். மிக நுண்ணிய தூள் ஆயிலோடு சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால்தான் முதல் ஆயிலுக்கு மட்டும் இவ்வளவு சீக்கிரக் கெடு: ஹீரோ வண்டிகளில் 500–750 கி.மீ., ஹோண்டாவில் 750–1,000, ராயல் என்ஃபீல்டில் 500. மாடலுக்கு மாடல் மாறலாம் என்பதால் உங்கள் புத்தகத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வடித்த முதல் ஆயிலை வெயிலில் சாய்த்துப் பார்த்தால் மெட்டாலிக் பெயின்ட் போலப் பளபளக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இரண்டு விரலுக்கு நடுவே தேய்க்கும்போது எதுவும் தட்டுப்படாத தூள் என்றால் சாதாரணம். நகத்தில் மாட்டும் அளவு துணுக்கோ செதிலோ வந்தால், ஆயில் ஊற்றும் முன் சர்வீஸ் அட்வைசரிடம் காட்டி ஜாப் கார்டில் எழுத வையுங்கள். வாரன்டிக்கு அந்த வரி உதவும்.

காரில் கதை வேறு. கியருக்குத் தனி ஆயில், இன்ஜினில் மூன்று நான்கு லிட்டர், கூடவே பேப்பர் ஃபில்டர். அதனால் பல கார்களில் 1,000 கி.மீ. சர்வீஸ் வெறும் பரிசோதனைதான், ஆயில் மாற்ற மாட்டார்கள். 'என் காருக்கு மாத்தவே இல்லையே' என்று சண்டை போட வேண்டாம்.

அதற்குப் பிறகு: கிலோமீட்டரா, மாதமா

புத்தகத்தில் எப்போதும் கிலோமீட்டர், மாதம் என இரண்டு கணக்கு இருக்கும், எது முந்துகிறதோ அது. பைக்குகளில் 3,000, 5,000, 6,000 எனக் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 6,000 என்று சொல்லும் கம்பெனிகளில் சில, 3,000-ல் அளவு பார்த்து டாப்-அப் செய்யச் சொல்கின்றன. அந்த வரியை யாரும் படிப்பதில்லை. கார்களில் பெரும்பாலும் 10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம், சிலவற்றில் 15,000.

உங்களுக்கு எது முந்தும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டிலிருந்து ஆபீஸ் 8 கி.மீ. என்றால் நாளைக்கு 16, மாதத்துக்கு 400 கி.மீ. ஆறு மாதத்தில் 2,400தான் ஓடியிருக்கும். உங்களுக்கு மாதக் கணக்குதான் முந்தும். உணவு டெலிவரிக்கு நாளைக்கு 120 கி.மீ. ஓட்டுகிறவருக்கு மாதத்துக்கே 3,000 தாண்டிவிடும். அவர் காலண்டரைப் பார்க்கத் தேவையில்லை, மீட்டரைப் பார்த்தால் போதும்.

'ஓட்டவே இல்லையே, ஆயில் எப்படிக் கெடும்?' என்ற கேள்வி நியாயமானதுதான். குறைந்த தூரம் ஓடும் வண்டியில் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் அணைத்துவிடுகிறோம். எரியும்போது உண்டாகும் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகிப் போகாமல் ஆயிலிலேயே தங்கும். அமிலம் சேரும். காய்கறிக் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் போய்வரும் ஸ்கூட்டருக்கு மாதக் கணக்கு கட்டாயம் என்பது இதனால்தான்.

ஆயில் கறுத்துவிட்டது என்பதற்காக மட்டும் மாற்ற வேண்டாம். கரியை இன்ஜினில் ஒட்டவிடாமல் தன்னோடு எடுத்துக்கொள்வது ஆயிலின் வேலை. டீசல் வண்டியில் புது ஆயில் ஊற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும்.

அளவு பார்ப்பது

ஐந்து நிமிட வேலை இது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை செய்யுங்கள். சமதரையில் சென்டர் ஸ்டாண்ட் போடுங்கள். சைடு ஸ்டாண்டில் சாய்த்துப் பார்த்தால் அளவு பொய் சொல்லும். இன்ஜினை மூன்று நான்கு நிமிடம் ஓடவிட்டு அணைத்து, இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். மேலே ஏறிய ஆயில் இறங்கட்டும்.

இன்ஜினின் வலப்பக்கம் கீழே இருக்கும் மூடியைத் திருகி எடுத்தால், அதோடு ஒட்டிய குச்சிதான் டிப்ஸ்டிக். துணியால் துடையுங்கள். மறுபடி உள்ளே விடும்போது இங்கேதான் பலர் தவறுகிறார்கள். ஹீரோ, ஹோண்டா வண்டிகளில் மூடியைத் திருகக் கூடாது, மரையின் விளிம்பில் சும்மா உட்கார வைக்க வேண்டும். திருகிவிட்டால் குச்சி இன்னும் ஆழம் இறங்கி, இல்லாத ஆயிலை இருப்பதாகக் காட்டும். முழுவதும் திருகிப் பார்க்கச் சொல்லும் வண்டிகளும் உண்டு. புத்தகத்தில் படம் போட்டிருப்பார்கள். ராயல் என்ஃபீல்டு போன்றவற்றில் குச்சிக்குப் பதில் கண்ணாடி வட்டம் இருக்கும். வண்டியை நேராக நிறுத்தி, ஆயில் இரண்டு கோட்டுக்கு நடுவே நிற்கிறதா என்று பார்த்தால் போதும்.

கீழ்க்கோட்டை நெருங்கினால் அதே கிரேடு ஆயிலை 50 மி.லி. ஊற்றுங்கள், பாருங்கள், மறுபடி 50 ஊற்றுங்கள். 900 மி.லி. பிடிக்கும் இன்ஜினில் 300 குறைந்தால் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. மீதி ஆயில் அதே சூட்டைத் தாங்கி, வேகமாகச் சுற்றி, சீக்கிரம் கெடும். மேல்கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் நல்லதல்ல. உள்ளே நுரைக்கும், இன்ஜின் காற்று வெளியேறும் பிரீதர் குழாய் வழியாக ஏர் ஃபில்டருக்குப் போய் அதை நனைக்கும், சீல்களில் கசியும்.

கேனில் எதைப் படிப்பது

10டபிள்யூ-30 போன்ற எண், ஆயில் எவ்வளவு கெட்டி என்று சொல்லும் கிரேடு. புத்தகத்தில் 10டபிள்யூ-30 என்றால் 10டபிள்யூ-30தான். 'நம்ம ஊர் வெயிலுக்கு 20டபிள்யூ-40தான் கெட்டி, அதுதான் நல்லது' என்று ஊற்றித் தருகிற மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். மெல்லிய ஆயிலுக்கென இடைவெளி வைத்துச் செய்த புது இன்ஜினில் கெட்டி ஆயில் ஊற்றினால், காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேல்பாகத்துக்கு ஆயில் போய்ச்சேரத் தாமதமாகும், மைலேஜும் குறையும். புத்தகமே இரண்டு கிரேடையும் அனுமதித்தால் மட்டும் மாற்றுங்கள்.

கியர் வண்டிக்குக் கேனில் ஜப்பானியத் தரக்குறியீடான 'ஜாசோ எம்ஏ' அல்லது 'எம்ஏ2' என்று இருக்க வேண்டும். கிளட்ச் தட்டுகள் ஆயிலில் மூழ்கியிருப்பதால், அவை வழுக்காத அளவுக்கு உராய்வு இருக்க வேண்டும் என்பதற்கான முத்திரை அது. ஸ்கூட்டரில் கிளட்ச் ஆயிலுக்கு வெளியே இருப்பதால் 'எம்பி' வரும். ஸ்கூட்டர் ஆயிலையோ கார் ஆயிலையோ பைக்கில் ஊற்றினால், ஆக்ஸிலேட்டர் முறுக்க இன்ஜின் கத்தும், வண்டி நகராது. கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது என்று மாற்றிவிடுவார்கள். உண்மையில் குற்றம் ஆயிலில் இருக்கும்.

ஸ்கூட்டரில் பின்சக்கரத்தருகே தனியாகக் கியர் ஆயில் உண்டு, 100–120 மி.லி. அளவில். அதன் கெடு வேறு. இன்ஜின் ஆயில் மாற்றும்போதெல்லாம் அதையும் பில்லில் சேர்த்தால் ஏன் என்று கேளுங்கள். பிஎஸ்6 (புகை அளவுக்கான அரசு விதி) டீசல் காரில் புகைவடிகட்டி இருப்பதால் சாம்பல் குறைந்த ஆயில்தான் ஊற்ற வேண்டும். அந்த வடிகட்டி தன்னைச் சுத்தப்படுத்தும்போது கொஞ்சம் டீசல் ஆயிலில் கலக்கும் என்பதால், நகருக்குள்ளேயே ஓடும் டீசல் காரில் ஆயில் அளவு குறையாமல் ஏறுவதும் உண்டு. மேல்கோட்டைத் தாண்டினால் கி.மீ. கணக்கைப் பார்க்காமல் மாற்றுங்கள்.

சர்வீஸ் சென்டரில்

ஃப்ரீ சர்வீஸ் என்றால் கூலி மட்டும்தான் ஃப்ரீ. ஆயில், வாஷர், ஃபில்டருக்குக் காசு உண்டு. கூப்பனில் உள்ள நாள், கிலோமீட்டர் இரண்டில் எது முந்துகிறதோ அதைத் தவறவிட்டால் வாரன்டி கேட்கும்போது இழுப்பார்கள். பில்லில் ஆயிலின் கிரேடும் மில்லியும் இருக்கிறதா பாருங்கள். சீல் உடைக்காத கேன் உங்கள் முன் திறக்கப்பட வேண்டும். 'இன்ஜின் ஃப்ளஷ்', 'ஆயில் அடிட்டிவ்' என்று எழுதியிருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள். ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய இன்ஜினில் கழுவ என்ன இருக்கிறது?

வீட்டில் மாற்றுவதானால்

வாரன்டி முடிந்த பிறகு செய்யுங்கள். வேண்டியவை: புத்தகம் சொன்ன ஆயில், டிரெயின் போல்ட்டுக்கு (ஆயிலை வடிக்க அடியில் இருக்கும் போல்ட்) புது வாஷர், ஸ்பானர் (பெரும்பாலும் 17 எம்எம்), அகலமான தட்டு, புனல், பழைய துணி.

இன்ஜினை நான்கு நிமிடம் ஓடவிடுங்கள், வெதுவெதுப்பு போதும். ஊர் சுற்றி வந்த சூட்டில் திறந்தால் கை வெந்துவிடும். முதலில் மேல்மூடியைத் திறந்துவைத்தால் ஆயில் தடையின்றி இறங்கும். அடியில் தட்டு வைத்து டிரெயின் போல்ட்டைக் கழற்றுங்கள். பத்து நிமிடம் வடியவிட்டு, சாவி ஆஃபில் இருக்க நான்கைந்து முறை கிக்கரை மிதித்தால் மிச்சமும் வரும்.

புது வாஷரோடு போல்ட்டைக் கையால் மூன்று நான்கு சுற்றுத் திருகுங்கள். ஆரம்பத்திலேயே கடினமாகப் போனால் மரை ஏறு­மாறாகப் பிடித்திருக்கிறது, கழற்றி மறுபடி போடுங்கள். இன்ஜின் அடிப்பாகம் அலுமினியம், போல்ட் இரும்பு. 12 எம்எம் மரைக்குச் சுமார் 25 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லையென்றால், வாஷர் படிந்ததும் சின்ன ஸ்பானரில் ஒரே கையால் ஒரு இறுக்கு. பைப் மாட்டி இறுக்கினால் மரை போய்விடும், லேத்துக்குத்தான் போக வேண்டும்.

900 மி.லி. பிடிக்கும் என்றால் முதலில் 800 ஊற்றுங்கள், மூன்று நிமிடம் ஓடவிடுங்கள், பொறுத்து அளவு பார்த்து மீதியை ஊற்றுங்கள். மறுநாள் காலையில் போல்ட்டுக்கு அடியில் தரையில் சொட்டு இருக்கிறதா என்று பாருங்கள். மீட்டர் கணக்கைத் துண்டுக் காகிதத்தில் எழுதி, வண்டியில் உட்காரும் சீட்டுக்கு அடியில் ஒட்டிவையுங்கள்.

கெடுவுக்கு முன்பே மாற்ற வேண்டிய சமயம்

டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னைச் சுரங்கப்பாதைத் தண்ணீருக்குள் ஓட்டிய வண்டிகளில் அடிக்கடி பார்க்கலாம். இன்ஜின் மூழ்கி நின்றிருந்தால் ஸ்டார்ட் செய்தே பார்க்காதீர்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஆயிலை வடித்து, புதிது ஊற்றிச் சிறிது ஓடவிட்டு, அதையும் வடித்து இன்னொருமுறை ஊற்ற வேண்டியிருக்கும். முதல் ஊற்றலிலேயே ஈரம் முழுவதும் வராது.

பெட்ரோல் பைக்கில் அளவு ஏறி, குச்சியில் பெட்ரோல் வாடை அடித்தால் ஆயிலுக்குள் பெட்ரோல் இறங்குகிறது. ஆயில் மாற்றினால் மட்டும் தீராது, காரணத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வடித்த ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாதீர்கள். சட்டப்படியே அது அபாயக் கழிவு. கேனில் ஊற்றி மூடி ஒர்க் ஷாப்பில் கொடுத்தால் பேரலில் சேர்த்துக்கொள்வார்கள். செயினுக்கு ஊற்றுகிற பழக்கமும் வேண்டாம், அதிலிருக்கும் கரியும் தூளும் செயினைத் தேய்க்கும். செயினுக்கு 90 நம்பர் கியர் ஆயில் போதும்.