துள்ளலான எழுத்துருவைத் தலைப்பில் வைப்பது எப்படி

குழந்தையின் முதல் பிறந்தநாள் அழைப்பு, ஐஸ்கிரீம் கடை போர்டு, சிறுவர் கதைப் புத்தக அட்டை என்று எது வந்தாலும் விண்டோஸில் பார்த்துப் பழகிய லதாவையே போட்டு முடித்துவிடுகிறோம். லதா நல்ல எழுத்துருதான், ஆனால் அதற்கு ஆபீஸ் முகம். கையால் வரைந்த மாதிரி துள்ளலாக இருக்கும் தமிழ் எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. கூகுள் ஃபான்ட்ஸில் பலூ தம்பி 2, காய்னி, கவிவனார் மூன்றையும் இறக்கிக்கொள்ளுங்கள். மூன்றும் ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸில் வருபவை, அதனால் கடை போர்டுக்கோ விற்கப்போகும் டி-சர்ட்டுக்கோ தாராளமாகப் போடலாம், எழுத்துருவை மட்டும் தனியாக விலைக்கு விற்கக் கூடாது.

பலூ தம்பி மும்பை ஏக் டைப் குழு செய்தது. கொழுகொழுவென்று, முனையெல்லாம் மழுங்கி இருக்கும். அந்தக் குடும்பத்தில் மொழிக்கு ஒரு உறவுப் பெயர்: தமிழுக்குத் தம்பி, மலையாளத்துக்குச் சேட்டன், தெலுங்குக்குத் தம்முடு. குணமும் அப்படித்தான், உரிமையோடு தோளில் கைபோட்டுப் பேசும். காய்னியும் அதே குண்டு ரகம்தான். கவிவனார் வேறு, இலங்கைக்காரரான தாரிக் அஸீஸ் வடிவமைத்த சாய்ந்த கையெழுத்து, சத்தம் போடாமல் பேசும். கடை போர்டுக்குத் தம்பி, வாழ்த்து அட்டைக்குக் கவிவனார் என்பது என் கணக்கு.

தேர்வு செய்யும்போது அங்கே காட்டும் மாதிரி வாக்கியத்தை நம்பாமல் உங்கள் தலைப்பையே அடித்துப் பாருங்கள். ண, ஞ, ஜ இவற்றின் சுழி அடைபடுகிறதா, ளூ, ணூ போன்றவை பார்த்ததும் புரிகின்றனவா, விலை போடுவதாக இருந்தால் எண்களும் ₹ குறியும் அதே தடிமனில் இருக்கின்றனவா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அப்புறம், அளவு. இந்த எழுத்துருக்களுக்கு நாலைந்து வார்த்தைதான் தாங்கும். சொந்தத்தில் ஒரு குழந்தையின் பிறந்தநாள் அழைப்பை இடம், நேரம், முகவரி உட்பட முழுவதும் கவிவனாரிலேயே சின்னதாக அடித்துக் கொடுத்தேன், பெரியவர்கள் ஒவ்வொருவராக போன் செய்து மணி ஆறா எட்டா என்று கேட்டார்கள். அன்றிலிருந்து பெயர் மட்டும் பெரிதாகத் துள்ளலில், மற்றதெல்லாம் முக்தா மலர் என்ற நிதானமான எழுத்துருவில். அதுவும் ஏக் டைப் செய்ததுதான், ஏழு தடிமனில் வருவதால் தம்பியின் பக்கத்தில் நன்றாக உட்காரும்.

காய்னியிலும் கவிவனாரிலும் ஒரே ஒரு தடிமன்தான் உண்டு. போல்டு பட்டனை அழுத்தினால் மென்பொருள் ஓரத்தை ஊதிப் பெரிதாக்கும், புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். தடிமன் வேண்டுமென்றால் பலூ தம்பி 2-க்குப் போங்கள், அதில் ஐந்து இருக்கின்றன. இரண்டு வரித் தலைப்பு என்றால் வரி இடைவெளியை ஆங்கிலத் தலைப்புக்குக் குறைப்பதுபோல் குறைக்காதீர்கள், மேல் வரியில் ஒரு ‘ழு’வின் வால் இறங்கி கீழ் வரியின் ‘கீ’ கொக்கியில் இடிக்கும். இடிக்கிற இடத்தில் வரியை வேறு வார்த்தையில் உடைத்துப் பாருங்கள், பெரும்பாலும் அதுவே போதும்.

எனக்கு மிகவும் பிடித்த வேலை இனிமேல்தான். ‘அம்மம்மா’ என்று அடித்தால் நான்கு ‘ம’வும் அச்சில் வார்த்தது போல ஒரே மாதிரி நிற்கும், கையால் எழுதியது இல்லை என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும். இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் அந்த வார்த்தையைப் பாதையாக (path, அதாவது எழுத்தாக இல்லாமல் வெறும் வரைவடிவமாக) மாற்றி, மூன்றாவது ‘ம’வை மேலே இருக்கும் புள்ளியோடு சேர்த்து இரண்டு மூன்று டிகிரி சாய்த்து, கடைசி ‘மா’வை ஒரு மயிரிழை கீழே இறக்குங்கள். வார்த்தைக்கு உயிர் வந்துவிடும். ஒன்றில் மட்டும் கவனம்: ‘கொ’ கண்ணுக்கு மூன்று துண்டு, ஆனால் ஓரெழுத்து. கொம்பையும் காலையும் ‘க’வோடு சேர்த்து குரூப் செய்த பிறகே சாய்க்க வேண்டும், தனியாகத் திருப்பினால் கொம்பு முந்தைய எழுத்தோடு போய் நிற்கும்.

கண்ணீர் அஞ்சலி, மருந்துக் குறிப்பு, பணம் கட்டச் சொல்லும் அறிவிப்பு இவற்றில் இந்த எழுத்துருக்கள் வேண்டவே வேண்டாம்.

அச்சகத்துக்கு அனுப்பும் ஃபைலில் எல்லா எழுத்தும் பாதையாக மாறியிருக்க வேண்டும், அங்கே அந்த எழுத்துரு இல்லையென்றால் வேறொன்று வந்து உட்கார்ந்துவிடும். திருத்துவதற்கு எழுத்தாகவே ஒரு பிரதியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அனுப்பும் முன் ஏ4 தாளில் ஒரு பிரின்ட் எடுத்து சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று, வீட்டில் யாரையாவது கூப்பிட்டு சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அவர்கள் எந்த எழுத்தில் தயங்குகிறார்களோ அதைத் திருத்திவிட்டு அனுப்புங்கள்.