ஜவுளிக்கடையில் உட்காரும் உரிமையைக் கேட்டுப் பெறுவது எப்படி?

மதுரை விளக்குத்தூணைச் சுற்றியும் மாசி வீதிகளிலும் உள்ள ஜவுளிக்கடைகளில், காலையில் கடை திறந்தது முதல் இரவு ஷட்டர் இறங்கும் வரை நின்றபடியே புடவை எடுத்துப் போடும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் சில ஆண்டுகள் அப்படி நின்றவள்தான். வாடிக்கையாளர் ஒருவர்கூட இல்லாத பிற்பகலிலும் உட்காரக் கூடாது என்பதைக் கடையின் வழக்கம் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். அது சட்டத்துக்கு மாறானது என்பதை வேலையை விட்ட பிறகே அறிந்தேன்.

முதல் படி, சட்டத்தைச் சரியாகத் தெரிந்துகொள்வது. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில், 2021-இல் 22-அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. வேலைக்கு இடையே உட்காரக் கிடைக்கும் வாய்ப்பைப் பணியாளர்கள் பயன்படுத்திக்கொள்ளும் வகையில், ஒவ்வொரு நிறுவனமும் எல்லாப் பணியாளர்களுக்கும் தகுந்த இருக்கை வசதி செய்து தர வேண்டும் என்பது அதன் சாரம். நமக்கு முன்பே, 2018-இல், கேரளம் இத்தகைய திருத்தத்தைக் கொண்டுவந்தது. அதற்குப் பின்னால் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் கடைப் பெண்கள் நடத்திய நீண்ட போராட்டம் இருந்தது.

சட்டத்தின் சொற்களில் இரண்டு செய்திகள் அடங்கியுள்ளன. வாடிக்கையாளர் எதிரில் நிற்கும்போதும் உட்கார்ந்திருக்கலாம் என்று அது சொல்லவில்லை. அதேபோல், நான்கு ஸ்டூல்களை மூலையில் போட்டுவிட்டு, உட்கார்ந்தால் சூப்பர்வைசர் அதட்டுவார் என்றால், சட்டத்தின் நோக்கம் நிறைவேறியதாகாது. ஆகவே இருக்கை, அதில் உட்கார அனுமதி ஆகிய இரண்டையும் சேர்த்தே கேளுங்கள். இதே சட்டத்தின்படி, தொடர்ந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்குவதற்கு முன் ஒரு மணி நேர ஓய்வு தர வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டாம் படி, குறிப்பு எழுதுவது. ஒரு சிறிய நோட்டில் இரண்டு வாரங்களுக்கு நாள்தோறும் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு வந்தீர்கள், எத்தனை மணிக்குப் புறப்பட்டீர்கள், சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் விட்டார்கள், உங்கள் செக்‌ஷனில் எத்தனை பேர், எத்தனை இருக்கைகள், உட்கார்ந்ததற்காக யார் என்ன சொன்னார்கள். திருமங்கலத்திலிருந்தோ மேலூரிலிருந்தோ வருபவர்கள் பேருந்திலேயே எழுதிவிடலாம். மறுநாள் நினைவிலிருந்து எழுதுவதைவிட அது நம்பகமானது.

மூன்றாம் படியைப் பலர் தவறவிடுகிறார்கள். கால் வீக்கம், குதிகால் வலி, இடுப்பு வலி, முழங்காலுக்குக் கீழே நரம்பு புடைத்துச் சுருண்டிருத்தல் ஆகியவற்றை வயதின் கோளாறு என்று ஒதுக்காதீர்கள். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து இரத்தத்தை மேலே தள்ளுகிறது. அசையாமல் நிற்கும்போது அந்த உந்துதல் குறைவதால் இரத்தம் காலிலேயே தேங்கி, நாளாக ஆக இரத்தக்குழாய் வால்வுகள் தளர்ந்துபோகக்கூடும். அரசு இராசாசி மருத்துவமனையில் காட்டுங்கள். நாள் முழுவதும் நின்று வேலை செய்வதை மருத்துவரிடம் சொல்லி, அதைச் சீட்டில் குறிக்கும்படி கேளுங்கள். அந்த ஓ.பி. சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

நான்காம் படி, கடிதம். தனியாகக் கொடுப்பதைவிட, ஒரே செக்‌ஷனில் உள்ள ஐந்தாறு பேர் சேர்ந்து கையெழுத்திடுவது நல்லது. கடிதம் சுருக்கமாக இருக்கட்டும்:

"ஐயா, எங்கள் தளத்தில் பணியாற்றும் அனைவருக்கும் இருக்கை வசதி இல்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், பிரிவு 22-அ-இன்படி இருக்கைகள் அமைத்து, வாடிக்கையாளர் இல்லாத வேளைகளில் நாங்கள் உட்கார அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்."

தேதியிட்டு, நகல் எடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தை வாங்குங்கள். மறுத்தால் விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி, பதில் வராவிட்டால் புகார் செய்வது. மதுரையில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்துக்கு, கடிதத்தின் நகலையும் நோட்டுக் குறிப்புகளின் நகலையும் இணைத்து மனு எழுதுங்கள். பெயரை வெளியிட வேண்டாம் என்று விரும்பினால் அதை மனுவிலேயே கேளுங்கள். திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம்.

வேலை போய்விடுமோ என்ற அச்சம் நியாயமானது. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அதே சட்டத்தின் 41-ஆம் பிரிவு, ஆறு மாதம் தொடர்ந்து பணியாற்றியவரைத் தகுந்த காரணமின்றியும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான ஊதியமோ தராமலும் நீக்கக் கூடாது என்கிறது. நீக்கினால் மேல்முறையீடு செய்யவும் வழி உண்டு. அப்போது எத்தனை மாதம் வேலை செய்தீர்கள் என்பதை நீங்கள் காட்ட வேண்டியிருக்கும் என்பதால், அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றின் நகல்களை இன்றே வீட்டில் எடுத்து வையுங்கள்.

இருக்கைகள் வந்த பிறகும் நோட்டை மூடிவிடாதீர்கள். ஆடித் தள்ளுபடியும் தீபாவளியும் வரும்போது சரக்கு அடுக்க இடம் வேண்டுமென்று ஸ்டூல்களைக் குடோனுக்கு ஏற்றிவிடுவதுண்டு. அப்படி நடந்தால் எடுத்த தேதியைக் குறித்துக்கொண்டு, முதல் கடிதத்தின் தேதியைச் சுட்டி இரண்டாவது கடிதத்தைக் கொடுங்கள்.