எனாமல் உருவப்படம் வாங்கும் முன் பின்பக்கத்தைப் பாருங்கள்

உள்ளங்கைக்குள் அடங்கும் பழைய எனாமல் உருவப்படம் ஒன்றைக் காட்டி, "இது ஆங்கிலேய எனாமல் ஓவியர் ஹென்றி போன் வரைந்தது" என்று யாராவது சொன்னால், முகத்தில் மயங்குவதற்கு முன் திருப்பிப் பாருங்கள். நான் எப்போதும் பின்பக்கத்திலிருந்துதான் தொடங்குவேன்.

காரணம் இருக்கிறது. எனாமல் என்பது கண்ணாடித் தூள். அதைச் செம்புத் தகட்டில் பூசிச் சூளையில் சுட்டால், ஆறும்போது இரண்டும் ஒரே அளவில் சுருங்காது. ஒரு பக்கம் மட்டும் பூசினால் தகடு வளைந்து பூச்சு வெடித்துவிடும். அதனால் பின்னாலும் எனாமல் பூசியிருப்பார்கள். அதற்குப் பதில் அட்டையோ காகிதமோ ஒட்டிய மெல்லிய தகடு தெரிந்தால், அது பெரும்பாலும் யானைத் தந்தத்தில் தீட்டிய நீர்வண்ணமாக இருக்கும். சட்டத்தை நீங்களே நெம்பாதீர்கள், ஓரத்தில் எனாமல் சட்டென்று சிதறும். விற்பவரையே கழற்றச் சொல்லுங்கள்.

போன் நமக்கு நிறையவே உதவியிருக்கிறார். 1755இல் கார்ன்வாலின் ட்ரூரோவில் பிறந்து, பிளிமத், பிரிஸ்டல் பீங்கான் பட்டறைகளில் கைபழகியவர். படத்தில் இருப்பவர் யார், எந்த எண்ணெய் ஓவியத்தைப் பார்த்து வரைந்தது, தேதி, தன் பட்டம் என்று பல படங்களின் பின்பூச்சில் விவரமாக எழுதியிருக்கிறார். அந்தப் பட்டம்தான் நல்ல சோதனை. ஓவியர்களின் அமைப்பான லண்டன் ராயல் அகாடமியில் அவர் இணை உறுப்பினரானது 1801இல், முழு உறுப்பினரானது 1811இல். 1805 என்று தேதியிட்டு முழு உறுப்பினர் என்று எழுதியிருந்தால் வாங்காதீர்கள். அவர் இறந்தது 1834இல். அதற்குப் பிந்தைய தேதி என்றால் மகன் ஹென்றி பியர்ஸ் போனை நினைத்துக்கொள்ளுங்கள், அவரும் எனாமல் ஓவியர்தான்.

அடுத்து, லண்டன் தேசிய உருவப்படக் காட்சியகத்தின் இணையதளத்தைத் திறங்கள். எனாமலுக்கு மாற்றுவதற்காகக் கட்டம் போட்டு போன் வரைந்த பென்சில் படங்கள் ஆயிரத்துக்கும் மேல் அங்கே இருக்கின்றன. உங்கள் படத்துக்கு உரியது கிடைத்தால் தலையின் சாய்வு, கழுத்துத் துணியின் மடிப்பு எல்லாவற்றையும் ஒப்பிடுங்கள். எனக்கு இந்த வேலையிலேயே மிகப் பிடித்த பகுதி இதுதான்.

அப்புறம் முகத்துக்கு வாருங்கள். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து, லென்ஸ் வைத்துப் பாருங்கள். சூளையில் உருகிய பரப்பு ஒரே சீராக மினுங்கும். கன்னத்திலோ ஓரத்திலோ ஒரு திட்டு மட்டும் மங்கலாகத் தெரிந்தால், உடைந்த இடத்தைச் சாதாரண வண்ணத்தால் யாரோ மூடியிருக்கலாம். விலையைக் குறைத்துக் கேட்க அது போதும். மயிரிழை விரிசல் ஒன்றிரண்டு இருந்தால் நான் பொருட்படுத்துவதில்லை.

போனுக்கு முந்தைய தலைமுறையின் எனாமல் ஓவியர் கிறிஸ்டியன் ஃபிரெட்ரிக் ஸிங்கே பெரும்பாலும் கையெழுத்தே போடவில்லை. அவர் பெயரைச் சொல்லி விற்றால், தோலில் நுண்ணிய சிவப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள்.

வாங்கியபின் மென்மையான தூரிகையால் தூசி தட்டினால் போதும். தண்ணீர் வேண்டாம். நகைக்கடையில் ஒலியலையால் நகையைச் சுத்தம் செய்யும் அல்ட்ராசோனிக் தொட்டியில் மட்டும் போட்டுவிடாதீர்கள், விரிசல் விட்ட எனாமல் அதில் பெயர்ந்துவிடும்.